ஒரே டீமா, ஊர்ப்பட்ட டீமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகள் நான் உட்கார்ந்து யோசித்தவை இல்லை. பெரம்பூரில் எங்கள் அடுக்ககத்து மொட்டை மாடியில், ஐபிஎல் வந்துவிட்டால் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி மேட்ச் போடுவோம். பாய், நாலு பிளாஸ்டிக் நாற்காலி, தெருமுனை பஜ்ஜி. டைம் அவுட் விட்ட அந்த இரண்டரை நிமிடத்தில் யாராவது ஆரம்பிப்பார்: "அது எப்படி சார், ரெண்டு டீமுக்கும் கத்துறீங்க?" வருஷா வருஷம் அதே கேள்வி, அதே சண்டை. எழுதி வைத்துவிட்டால் அடுத்த சீசனில் இதை அனுப்பிவிட்டு நிம்மதியாக மேட்ச் பார்க்கலாம்.

நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். நான் சிஎஸ்கே. மனைவி பெங்களூரு அல்சூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், ஆர்சிபி. எட்டு வயதில் ஒரு மகள். அவள் கதை கடைசியில்.

ஒரு டீமைத்தான் ஆதரிக்கணும்னு சட்டமா?

இல்லை. கைதட்ட எத்தனை டீம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த டீம் தோற்ற ராத்திரி சோறு இறங்காமல் தட்டை ஒதுக்குகிறீர்களோ, அதுதான் உங்கள் டீம். அப்படி இரண்டு டீம் வைத்திருக்கும் ஆளை நான் இதுவரை பார்க்கவில்லை. மற்றதெல்லாம் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் மாதிரி. போவோம், சாப்பிடுவோம், மொய் எழுதுவோம், வந்துவிடுவோம்.

சிஎஸ்கே, சென்னையின் எஃப்சி, தமிழ் தலைவாஸ், மூணுமே பிடிக்கும். தப்பா?

இதில் தப்பு எங்கே வந்தது? கிரிக்கெட், கால்பந்து, கபடி என்று ஆட்டம் வேறு, சீசன் வேறு. மூன்றும் ஒன்றோடொன்று மோதப் போவதில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். சிஎஸ்கே ஆளாக இருப்பது சொகுசு. 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து கோப்பை. சென்னையின் எஃப்சி 2015-லும் 2017-18 சீசனிலும் கோப்பை வென்ற டீம், ஆனாலும் நேரு ஸ்டேடியத்தில் காலி நாற்காலிகளுக்கு நடுவே நின்று தொண்டை கிழியக் கத்தும் 'பி ஸ்டாண்ட் ப்ளூஸ்', 'சூப்பர் மச்சான்ஸ்' பையன்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். தமிழ் தலைவாஸ் ரசிகர்கள் இன்னும் ஒரு படி மேல். 2017-ல் கபடி லீக்குக்குள் வந்த டீம், 2022 சீசனில் அரையிறுதி வரை போனது. அவ்வளவுதான். அதற்கப்புறமும் ஒருவர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறார் என்றால் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

சரி, ஒரே லீக்கில் ரெண்டு டீம்?

மதில் மேல் பூனை வேலை. என்றைக்காவது இரண்டும் நேருக்கு நேர் வரும், அன்றைக்குத் தெரிந்துவிடும்.

2024 மே 18. பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தில் ஆர்சிபி 218 அடித்துவிட்டது. ஜெயிக்க 219 வேண்டும், ஆனால் ரன் ரேட் கணக்கில் பிளே ஆஃப் போக சிஎஸ்கேவுக்கு 201 போதும். கடைசி ஓவரில் அந்த 201-க்கு 17 ரன் பாக்கி. யஷ் தயாள் போட்ட முதல் பந்தை தோனி சிக்ஸருக்குத் தூக்கினார். அடுத்த பந்தில் அவுட். முடிந்தது, 191. எங்கள் மாடியில் அன்று என் ஆபீஸ் நண்பர் ஒருவர் விருந்தாளி. "எனக்கு ரெண்டு டீமும் பிடிக்கும், யார் ஜெயிச்சாலும் ஓகே" என்று வந்தவர். சிக்ஸருக்கும் கத்தினார், விக்கெட்டுக்கும் கத்தினார். மேட்ச் முடிந்த கையோடு "பிரியாணி சூடு பண்ணவா?" என்று கேட்டார். என் மனைவி சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தாள். நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றேன். இரண்டு டீமும் பிடித்தவருக்குப் பசி எடுத்தது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. லீக்கின் கடைசி வாரத்தில், நம் டீம் உள்ளே போக இன்னொருவன் தோற்க வேண்டும் என்று ரன் ரேட் கணக்குப் போடுவோமே, அந்த வாரம் யாருக்கு வேண்டுமானாலும் கத்தலாம். அது அன்பில்லை, தேர்தல் கூட்டணி. நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கல்யாணம், வேலை என்று ஊர் மாறினால் டீமும் மாறணுமா?

என் மனைவி சென்னைக்கு வந்து 11 வருஷம். ரேஷன் கார்டு மாறியது, மீன் குழம்பில் புளி மாறியது, டீம் மாறவில்லை. 2008 முதல் 2024 வரை 17 சீசன், ஒரு கோப்பை கிடையாது. ஒவ்வொரு மார்ச் மாதமும் "ஈ சாலா கப் நம்தே" (இந்த முறை கப் நமக்குத்தான்) என்பாள், ஒவ்வொரு மே மாதமும் நான் "அடுத்த சாலா பார்த்துக்கலாம்" என்பேன். இந்த விஷயத்தில் விசுவாசம் என்றால் என்னவென்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். ஐந்து கோப்பை வாங்கிய வீட்டில் உட்கார்ந்து அதை நான் கற்றிருக்க முடியாது.

2025-ல் அவள் முறை வந்தது. மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில் ஆர்சிபி 50 ரன்னில் எங்களை அடித்தது. 2008-க்குப் பிறகு அவர்கள் இங்கே ஜெயித்தது அதுதான் முதல் முறை. ஜூன் 3 அன்று பஞ்சாபை 6 ரன்னில் தோற்கடித்துக் கோப்பையும் வாங்கினார்கள். மாடியில் தனி ஆளாக ஆடினாள். மறுநாள் சாயங்காலம் டிவியில் சின்னசாமி வாசலில் நெரிசல் என்று செய்தி. அவள் தம்பி அங்கே போயிருந்தான். போன் எடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் எடுத்தான்: "மாமா, நான் மெட்ரோவைத் தாண்டவே இல்ல, அக்காகிட்ட சொல்லுங்க." அங்கே 11 பேர் செத்துப்போனார்கள். அந்தக் கோப்பையைப் பற்றி எங்கள் வீட்டில் அப்புறம் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

சிஎஸ்கேயில் சென்னைப் பையன்களே கம்மி. அப்புறம் என்ன 'நம்ம டீம்'?

இந்தக் கேள்வி நியாயமானது, அதனால்தான் அதிகம் வலிக்கிறது. தினேஷ் கார்த்திக் ஒரு சீசன்கூட மஞ்சள் சட்டை போடவில்லை. வாஷிங்டன் சுந்தர் புனே, பெங்களூரு, ஹைதராபாத், குஜராத் என்று சுற்றிவிட்டார், இங்கே வரவில்லை. மாம்பலத்து அஸ்வின் 2015-க்குப் பிறகு நான்கு ஊர் டீமில் ஆடிவிட்டு 2025-ல் திரும்பினார், ஒரே சீசனில் ஐபிஎல்லுக்கே விடை சொல்லிவிட்டார்.

ஆனால் 'ஊர்க்காரன் ஆடினால்தான் ஊர் டீம்' என்ற கணக்கு சென்னைக்கு எப்போதுமே பொருந்தியதில்லை. இங்கே டீம் என்றால் கம்பெனி டீம், ஆபீஸ் டீம். ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப், சதர்ன் ரயில்வே, இந்தியன் வங்கி, ஓவர்சீஸ் வங்கி என்று வேலை கொடுத்து ஆள் எடுத்தார்கள். பாளையம்பட்டி ராஜா கேடயத்துக்காக நடக்கும் முதல் டிவிஷன் கிரிக்கெட் லீக்கிலும் கிளப்புகளுக்குப் பின்னால் கம்பெனிகள்தான், வெளியூர் ஆட்டக்காரர்கள் அன்றே வந்து ஆடினார்கள். 2008-ல் இந்தியா சிமென்ட்ஸ் ஒரு டீமை வாங்கி, 15 லட்சம் டாலருக்கு ராஞ்சிக்காரர் ஒருவரை ஏலம் எடுத்தது உலகத்துக்குப் புதுசு. எங்களுக்குப் பழைய கதைதான், பணம் மட்டும் பெரிசு.

என் அப்பா ஐசிஎஃப் தொழிலாளி. எழும்பூர் ஹாக்கி ஸ்டேடியத்துக்கு என்னைக் கூட்டிப்போவார். ஐசிஎஃபும் சதர்ன் ரயில்வேயும் மோதினால் பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பார். "ரெண்டும் ரயில்வேதானேப்பா?" என்று ஒருமுறை கேட்டேன். "அதனாலதான்டா ஜெயிக்கணும்" என்றார்.

ஊர்ப் பையன் எதிரணியில் ஆடினால் என்ன செய்வது என்பதற்கு 2023 இறுதி ஆட்டத்தைவிட நல்ல பாடம் கிடையாது. அகமதாபாத். குஜராத்துக்காக நம் சாய் சுதர்சன் 47 பந்தில் 96. மாடியில் முதல் பத்து ரன்னுக்கு "நம்ம பையன்டா" என்று பெருமை. ஐம்பதில் மெல்லிய கைதட்டல். எண்பதைத் தாண்டியதும் ஒரு பெரியவர், "போதும் தம்பி, வீட்டுக்கு வா" என்று திரையைப் பார்த்துக் கெஞ்சினார். பதிரனா பந்தில் எல்பிடபிள்யூ. எல்லோரும் கத்தினோம், ஆனால் அரை நொடி தாமதமாக.

ஊர்ப் பாசம்தான் முக்கியம் என்று இன்னும் வாதாடுபவரிடம் நான் ஒன்று கேட்பேன்: கடைசியாக எப்போது ரஞ்சி மேட்ச் பார்க்கப் போனீர்கள்? பதினோரு பேரும் தமிழ்நாட்டுக்காக ஆடுகிறார்கள், கேலரி காலியாகக் கிடக்கிறது. தமிழ்நாடு ரஞ்சி கோப்பையை மொத்தம் இரண்டு முறைதான் வாங்கியிருக்கிறது, கடைசியாக 1987-88-ல். அதற்காக யாருக்கும் சோறு இறங்காமல் போய் நான் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உண்மையைச் சொல்லுங்க, டீமுக்காகவா, தோனிக்காகவா?

சேப்பாக்கத்தில் நம் ஆள் அவுட் ஆனால் நாமே கைதட்டுகிறோம், அடுத்து தோனி வருவார் என்று. 2023-ல் ஒரு மேட்ச் முடிந்ததும் ஜடேஜாவே மைக்கில் சிரித்துக்கொண்டு சொன்னார், நான் முன்னாலேயே பேட்டிங் இறங்கினால் நான் அவுட் ஆகணும் என்றுதான் காத்திருப்பார்கள் என்று. சிரித்தார்தான், ஆனால் எனக்கு அது குத்தியது. அந்தக் கைதட்டலில் நானும் இருந்திருக்கிறேன்.

எனக்குள்ளே ஒரு சோதனை நடந்தது, நான் கேட்காமலே. சூதாட்ட விவகாரத்தில் சிஎஸ்கேவுக்கு 2016, 2017 இரண்டு சீசன் தடை. தோனி புனேவுக்குப் போனார். இரண்டு வருஷமும் புனே மேட்ச் ஒன்று விடாமல் பார்த்தேன். 2017 இறுதியில் மும்பையிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்றார்கள். டிவியை அணைத்தேன், தயிர் சாதம் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்தபோதுதான் உறைத்தது, தோனி ஒரு ரன்னில் கோப்பையை விட்டிருக்கிறார், எனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று.

ஊர்ப் பிரச்சினையும் டீமும் மோதினால்?

2018 ஏப்ரல் 10. இரண்டு வருஷத் தடை முடிந்து சேப்பாக்கத்தில் முதல் மேட்ச், கொல்கத்தாவோடு. கையில் டிக்கெட். வெளியே காவிரிக்காகப் போராட்டம், வாலாஜா சாலையில் போலீஸ் வரிசை. சட்டையைப் பைக்குள் மறைத்துக்கொண்டு போனேன். உள்ளே மைதானத்துக்குள் செருப்பு விழுந்தது. சிஎஸ்கே ஜெயித்தது, மறுநாளே மற்ற மேட்சுகளெல்லாம் புனேவுக்குப் போய்விட்டன. ரசிகர்களுக்காகத் தனி ரயிலே விட்டார்கள். நான் போகவில்லை. தண்ணீர் கேட்டு ரோட்டில் நின்றவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, டிக்கெட்டைக் கிழிக்கவும் மனசு வரவில்லை. இந்தக் கேள்விக்கு என்னிடம் இதற்கு மேல் பதில் இல்லை.

தோற்றுக்கொண்டே இருக்கும் டீமை விட்டு விலகலாமா?

கட்சி தாவல் தடைச் சட்டம் ரசிகர்களுக்குக் கிடையாது, போகலாம். ஆனால் அமைதியாகப் போங்கள், திரும்பி வரும்போதும் அமைதியாக வாருங்கள்.

டீமுக்கு மட்டும் விசுவாசம் இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லைதான். 2023 இறுதியில் கடைசி இரண்டு பந்தில் 6, 4 அடித்துக் கோப்பை வாங்கிக் கொடுத்த ஜடேஜாவை 2025 நவம்பரில் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை எடுத்துக்கொண்டார்கள். அது வியாபாரம். நாம் செய்வது வியாபாரம் இல்லை என்பதால்தானே இவ்வளவு எரிச்சல்?

1976-ல் ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியரும் சக ஆய்வாளர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரிக் கால்பந்து டீம் ஜெயித்த வாரம், திங்கட்கிழமை கல்லூரிப் பெயர் போட்ட உடை அணிந்து வரும் மாணவர்கள் அதிகமாகிறார்களாம். ஜெயித்ததைச் சொல்லும்போது 'நாங்கள்' என்பார்களாம், தோற்றதைச் சொல்லும்போது 'அவர்கள்' ஆகிவிடுமாம். நம் மொழியில் இதைக் கண்டுபிடிக்க ஆய்வே வேண்டாம், வினைமுற்றின் வாலைப் பார்த்தால் போதும். ஜெயித்தால் "ஜெயிச்சிட்டோம்". தோற்றால் "தோத்துட்டானுங்க". 2025-ல் சிஎஸ்கே முதல்முறையாகக் கடைசி இடத்துக்குப் போனது. அந்த மே மாதம் முழுக்க மாடியில் நான் இதைத்தான் கவனித்தேன். முப்பது பேரில் பாதிப் பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் "சொதப்புறானுங்க". "தோத்துட்டோம்" என்று சொன்னவர் கீழ் வீட்டு ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருவர்தான். அவருக்கு எல்பிடபிள்யூ என்றால் என்னவென்றுகூட இன்னும் சரியாகத் தெரியாது.

எதிரணிக்குக் கைதட்டினால் துரோகமா?

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா சென்ட்ரலில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்து என்னைச் சேப்பாக்கத்துக்குக் கூட்டிப்போனார். பாகிஸ்தானோடு டெஸ்ட், நான்காம் நாள். ஜெயிக்க 271. முதுகு வலியோடு சச்சின் 136 அடித்து 254 வரை கொண்டுவந்துவிட்டார். பதினேழு ரன்தான் பாக்கி. சக்லைன் முஷ்டாக் பந்தைத் தூக்கி அடித்தார், கேட்ச். அப்புறம் நாலே ரன்னில் மூன்று விக்கெட்டும் போனது. 12 ரன்னில் தோல்வி.

அப்படியொரு நிசப்தத்தை நான் அதற்கப்புறம் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. பக்கத்தில் ஒருவர் முறுக்குப் பொட்டலத்தை மடித்துக்கொண்டிருந்தார், அந்தக் காகிதச் சத்தம் கேட்டது. பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கேயோ ஒரு மூலையில் கைதட்டல் கிளம்பியது. அப்படியே பரவி மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்றது. அவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடிவந்தார்கள். அப்பாவும் எழுந்தார். கண்ணில் தண்ணீர்.

"நாம தோத்துட்டோமாப்பா?"

"ஆமாடா, தோத்துட்டோம். கை தட்டு."

அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1997-ல், இதே மைதானத்தில் சயீத் அன்வர் 194 அடித்தபோதும் இந்தக் கூட்டம் எழுந்து நின்றிருக்கிறது. 2023 உலகக் கோப்பையில் ஆப்கானிஸ்தான் இங்கே பாகிஸ்தானை ஜெயித்தபோதும் அப்படியொரு ஆரவாரம். ஆனால் ஐபிஎல் ராத்திரிகளில் எதிரணி சிக்ஸர் அடித்தால் சேப்பாக்கம் ஊமையாகிவிடுகிறது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. துரோகமா என்று கேட்பவர்களுக்கு நான் அப்பாவைப் பற்றித்தான் சொல்வேன்.

ஃபேண்டஸி டீமில் எதிரணி ஆளைக் கேப்டனாகப் போட்டால்?

2025 ஆகஸ்டில் வந்த சட்டத்தோடு பணம் கட்டி, இரண்டு அணியிலிருந்தும் ஆள் பொறுக்கிச் சொந்த டீம் போட்டு ஆடும் ஃபேண்டஸி ஆட்டத்துக்கு மூடுவிழா நடந்துவிட்டது. அதற்கு முன் எங்கள் மாடியில் ஒரு தம்பி சிஎஸ்கே சட்டை போட்டுக்கொண்டு கோலி நூறு அடிக்கணும் என்று வேண்டிக்கொண்டிருப்பான். சட்டம் அவனைக் காப்பாற்றியது.

அம்பத்தூரில் இருந்துகொண்டு மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு அழுவது ஓவர் இல்லையா?

2013-க்குப் பிறகு இங்கிலாந்துக் கால்பந்து லீக் பட்டம் வாங்காத டீமுக்காக நடுராத்திரி கண் விழிக்கிறான். அவனைக் கிண்டல் பண்ணாதீர்கள். கால்பந்துப் பித்துப் பிடித்த வியாசர்பாடிக்குப் பேரே குட்டி பிரேசில், அங்கே போய் "பிரேசில் உனக்கு என்ன மாமன் மச்சானா?" என்று கேட்டுப் பாருங்கள்.

பிள்ளைக்கு எந்த டீம் என்று யார் முடிவு பண்ணுவது?

மகளிடம் இரண்டு சட்டை இருக்கிறது. நான் வாங்கிய மஞ்சள், அவள் அம்மா வாங்கிய சிவப்பு. 2025 மார்ச் 28 ராத்திரி சிவப்பு போட்டுக்கொண்டு அம்மாவோடு ஆடினாள். பிறகு என்னிடம் வந்து மடியில் படுத்துக்கொண்டு கணக்குச் சொன்னாள்: "அம்மா சைடு ஜெயிச்சிட்டோம், அப்பா சைடு தோத்துட்டோம்." இரண்டுக்கும் 'ஓம்'. தாத்தா இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஒன்னு சொல்லும்மா, எந்த டீம்?" என்று போன வாரம் நேராகவே கேட்டுவிட்டேன். பிறந்தநாளுக்கு நீலச் சட்டை வேண்டுமாம். விசாரித்ததில், பள்ளியில் பக்கத்தில் உட்காரும் பெண் மும்பை. என் மனைவியும் நானும் பல வருஷத்துக்குப் பிறகு ஒரே கட்சியில் இருக்கிறோம்.